சிவப்பு ஃபியூஸ் இருந்த இடம்

என் தங்கச்சி ஒரு பொய் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காதுபடவே சொன்னாள். அது எப்படி வந்தது என்று எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கம்பி இழுக்கத் தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும்.

எங்கள் ஊர் அரிமளத்துக்குப் பக்கம். கடலை நான் பார்த்ததே வெளிநாடு போன பிறகுதான். அங்கே ஒரு யார்டில் சின்னச் சின்னப் படகுகளுக்குக் கேபின் வேலை நடக்கும். தச்சர்கள் ஒரு பக்கம், பெயிண்டர்கள் ஒரு பக்கம், நாங்கள் வயரிங். பல வருஷம் படகுகளின் வயிற்றுக்குள் மல்லாந்து கிடந்தேன். ஒரு படகு தண்ணீரில் இறங்கும்போது நாங்கள் அடுத்த படகுக்குள் இருப்போம். ஒன்றில்கூட ஏறிப் போனதில்லை.

விசா முடிந்து ஊருக்கு வந்திருந்தேன். யார்டில் திரும்பக் கூப்பிட்டார்கள். போகலாமா வேண்டாமா என்று இருந்தேன். அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி புருஷன். மணமேல்குடிக்கு அந்தப் பக்கம், கடற்கரையில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறார். நல்ல கைவேலைக்காரர். நன்றாகப் பேசுவார். அவர் வந்தால் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் பேசாதவன் என்பதால் என்னையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

"எதுக்கு மச்சான் திரும்பவும் அங்கிட்டுப் போய்க் காயிறீங்க? இங்கிட்டுக் கடக்கரையில வேலை கொட்டிக் கெடக்கு. மீன் புடிக்கத் தடைக்காலம் வந்தா அம்புட்டு போட்டும் கரையில ஏறுது. ஒரு போட்டுலயாச்சும் வயரிங்னு சொல்ற மாதிரி இருக்கா? கிழிஞ்ச வலை மாதிரி தொங்குது."

"என்னைய யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"அதுக்குத்தான் நான் இருக்கேன்ல. மொதல்ல ஒரு போட்டு முடிச்சுக் காட்டுவோம். பாத்துட்டு அவங்களே வருவாங்க."

என் மனைவி உள்ளேயிருந்து, "அண்ணே சொல்றதக் கேளுங்க" என்றாள். தங்கச்சி போனில் அழுதாள். இந்தத் தடவையாவது போகாதீங்கண்ணே என்றாள். யார்டுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை சொன்ன அந்த ஒரு போட்டு ஒரு பாய்ப் படகு. அதன் சொந்தக்காரர் சரக்குக் கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாரும் அவரைக் கேப்டன் என்பார்கள். கடற்கரை ஓரம் தோப்புக்குள் வீடு. அந்த வீட்டின் பின்கட்டில்தான் மாப்பிள்ளை குடும்பம் இருந்தது. வாடகை கிடையாது. தோப்பையும் படகையும் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார், கேப்டனுக்குத் தங்கச்சி சமைத்துப் போடுவாள். அப்படி ஒரு ஏற்பாடு. மருமகன் பள்ளிக்கூட வேனும் அந்த வாசலுக்கே வரும்.

படகு சின்னது. வெள்ளைப் பாய், ஒரு பாய்மரம், கீழே இரண்டு பேர் படுக்கிற அளவுக்குக் கேபின். நிமிர்ந்து நிற்க முடியாது. கேப்டன் அதைப் புதுச்சேரியில் பழசாக வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தவர். வரும் வழியிலேயே விளக்கெல்லாம் அணைந்துவிட்டதாம்.

"கையில டார்ச்ச வச்சுக்கிட்டுத்தான் கோடியக்கரையைத் தாண்டினேன்" என்றார். "உள்ள பாருங்க. எனக்குத் திசை தெரியும், கரண்டு தெரியாது."

உள்ளே பார்த்தேன். வீட்டுக்குப் போடுகிற வயரை யாரோ போட்டிருந்தார்கள். முறுக்கி, டேப் சுற்றி, ஆணியில் மாட்டியிருந்தது. ஒரு இடத்தில் தோலைச் சீவினேன். செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. விரலில் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. உப்புக் காற்று வயருக்குள் நுழைந்தால் அப்படித்தான் தின்னும்.

"எல்லாத்தையும் எடுத்துரணும் சார்."

"ஒட்டுப் போட முடியாதா?"

"முடியும். திரும்பவும் டார்ச் புடிக்கணும்."

கேப்டன் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை என் தோளில் தட்டினார். "பாத்தீங்களா சார், பேச மாட்டாரு. பேசினா இப்படித்தான்."

ஈயம் பூசிய கம்பிதான் வேண்டும் என்றேன். கேப்டன் சென்னையில் சொல்லி வரவழைத்தார். வரும்வரைக்கும் பழசைப் பிடுங்கினேன். சுவர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எங்கே என்று பின்பக்கம் பென்சிலில் குறித்து, கரையில் தார்ப்பாய் விரித்து அடுக்கினேன். அந்தப் பக்கம் வலை தைக்கிற ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நான்தான் பொழுதுபோக்கு.

"ஏங்க வயர்மேன், எஞ்சின் ஓட்டாத போட்டுக்கு இம்புட்டு வயரு எதுக்கு?"

"காத்துக்குக் கரண்டு குடுக்கப் போறாருடா."

"மேல ஒரு ஃபேனப் போட்டு விடுங்க. காத்து இல்லாத அன்னிக்குப் பாயப் பாத்துத் திருப்பி விட்டுக்கலாம்."

நானும் சிரித்துக்கொள்வேன். பதில் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் எனக்காகத் திருப்பிக் கொடுப்பார்.

கம்பி வந்தது. வேலையைத் தொடங்கினேன். இந்த வேலையில் அவசரம் ஆகாது. படகு ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுகிற இடத்தில் தளர்ந்த கம்பி உரசும். உரசினால் தோல் போகும். அதனால் சாண் இடைவெளிக்கு ஒரு பிடிப்பு போடுவேன். பலகையில் துளை இருக்கிற இடமெல்லாம் ரப்பர் வளையம். எங்கேயும் முறுக்கிச் சேர்க்க மாட்டேன். நுனியில் லக்கு என்கிற உலோக முனையை வைத்து அழுத்தி, மேலே ஸ்லீவ் போட்டு, சூடு காட்டிச் சுருக்குவேன். பெட்டிக்குள் நுழைவதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பியையும் கீழே இறக்கி, ஒரு வளைவு கொடுத்து, பிறகு மேலே ஏற்றுவேன். கம்பி வழியாகத் தண்ணீர் வந்தால் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். பெட்டிக்குள் போகாது. எல்லா வளைவும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். ஆனால் எனக்குப் பார்க்கப் பிடிக்காது.

ஒவ்வொரு கம்பியின் இரண்டு நுனியிலும் வெள்ளை வளையத்தில் நம்பர். மாப்பிள்ளை வந்து படியில் உட்கார்ந்து பார்ப்பார்.

"இந்த வளைவு எதுக்கு மச்சான்?"

சொன்னேன்.

"நம்பரு?"

அதையும் சொன்னேன். கேட்டதற்கெல்லாம் சொன்னேன். அவர் கையிலும் அழுத்துகிற கருவியைக் கொடுத்து ஒன்றிரண்டு லக்கு போடச் சொன்னேன். நன்றாகவே போட்டார்.

ஏணிப்படிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் பெட்டி. காருக்குப் போடுகிற மாதிரி ஃபியூஸ்தான், நிறத்தை வைத்து அளவு தெரியும். சிவப்பு சின்னது. பச்சை பெரியது, அதை மாதிரி மூன்று பங்கு தாங்கும். இந்தப் படகில் பச்சைக்கு வேலையே இல்லை. எல்லாம் பேட்டரியில் ஓடுகிற சின்ன விளக்கு, ஒரு ஃபேன், போன் சார்ஜ் போட ஒரு பிளக். எல்லாவற்றுக்கும் சிவப்பும் அதற்குக் கீழேயும்தான். ஃபியூஸ் என்பது கம்பிக்குக் காவல். கம்பி தாங்குகிறதுக்கு மேலே கரண்டு போனால் அது முதலில் அறுந்து கம்பியைக் காப்பாற்றும். அறுந்தால் ஏன் அறுந்தது என்று பார்க்க வேண்டும். பெரிதாகப் போட்டால் ஃபியூஸ் நிற்கும், கம்பி எரியும். இதை மாப்பிள்ளைக்கும் சொன்னேன். சொல்லாமலே அவருக்குத் தெரியும், எஞ்சின் பார்க்கிறவர். அவசரத்துக்கு என்று கொஞ்சம் சிவப்பு ஃபியூஸை ஒரு டப்பாவில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன்.

வேலை முடிந்த அன்று பலகைகளை மாட்டுவதற்கு முன்னால் கேப்டனைக் கூப்பிட்டேன். மாட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது. அவர் குனிந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். கம்பிகள் ஒன்றை ஒன்று தாண்டாமல் பக்கம் பக்கமாகப் போய், ஒரே மாதிரி இறங்கி, ஒரே மாதிரி ஏறின.

"மூடுறதுக்கு மனசு வரல" என்றார்.

அவரே கரைக்குப் போய் ஆட்களைக் கூட்டி வந்தார். விசைப்படகு வைத்திருக்கிற ஒருவர் வந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். பெரிய ஆள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டுப் பார்த்தார்.

"சித்திரையில என் போட்டு ஏறுதுங்க. கேபின்ல ஒரே ஒயரு. சமைக்கிற எடத்துல தீப்பொறி பறக்குது. வந்துருங்க. நம்ம அண்ணன் தம்பி போட்டெல்லாம் பக்கத்துலதான் நிக்கும். ஒங்களுக்கு அந்த ரெண்டு மாசமும் வேலைதான்."

தலையாட்டினேன். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நான் சொல்லலையா என்கிற சிரிப்பு.

அன்று சாயங்காலம் கேப்டன் என்னைப் படகில் ஏற்றிக் கூட்டிப் போனார். நான் கம்பி இழுத்த படகு ஒன்றில் ஏறிப் போனது அதுதான் முதல் தடவை. பாய் காற்றை வாங்கியதும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சத்தமே இல்லை. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கேப்டன் எதையும் கவனிக்காத மாதிரி தூரத்தைப் பார்த்தார். இருட்டத் தொடங்கியதும், "போய்ப் போடுங்க" என்றார். உள்ளே போய் ஸ்விட்சுகளைத் தட்டினேன். எல்லாம் எரிந்தது. மேலே வந்து பாய்மர உச்சியில் இருந்த விளக்கையும் பார்த்தேன். கீழே வந்து கேபினில் கொஞ்சம் உட்கார்ந்தேன். யார்டுக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை என்று அங்கே வைத்துத்தான் முழுசாக நம்பினேன்.

வீட்டுக்கு வந்தேன். பங்குனி பிறந்தது. கடற்கரையில் அவர்கள் அம்மன் கோயில் திருவிழா. சாமி கரைக்கு வரும்போது படகுகள் எல்லாம் விளக்கோடு வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொரு வீடும் தன் படகுக்கு சீரியல் பல்பு சுற்றும். விளக்கில்லாத படகு கரையில் நின்றால் அந்த வீட்டில் துக்கம் என்று அர்த்தம். கேப்டன் சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

திருவிழா அன்று தங்கச்சி போன் போட்டாள். பின்னால் பாட்டுச் சத்தம். மருமகன் கத்துகிற சத்தம்.

"அண்ணே, எங்க இருக்கேன் சொல்லுங்க பாப்போம்."

"தெரியலத்தா."

"போட்டுல. நீங்க லைட்டுப் போட்டீங்கள்ல, அந்த போட்டுல. உள்ள எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா? மரத்துக்கெல்லாம் சீரியல் சுத்தியிருக்கு. எல்லாரும் நம்ம போட்டத்தான் பாக்குறாங்க."

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பாட்டு ரொம்பப் பலமாகக் கேட்டது.

"பாட்டு எதுலத்தா ஓடுது?"

"சவுண்டு பாக்சு வச்சிருக்காக. இன்வெர்ட்டரு ஒண்ணு வாங்கியாந்து, அந்த போன் சார்ஜ் போடுற எடத்துல சொருகியிருக்காக. ரெண்டு மூணு தடவ அமந்துச்சு. பீச மாத்தி மாத்திப் போட்டாக. இப்ப நல்லா ஓடுது."

"அதக் கழட்டச் சொல்லுத்தா. அந்தக் கம்பி தாங்காது. இப்பவே சொல்லு."

"சரிண்ணே, சொல்றேன்" என்றாள். பாட்டுச் சத்தத்தில் வைத்துவிட்டாள். மாப்பிள்ளைக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். அப்போதும் எடுக்கவில்லை. சாமி வருகிற நேரம், கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் இரண்டு பேருமே போன் போடவில்லை. நான் கூப்பிட்டபோது தங்கச்சி, "அடுப்புல வேலையா இருக்கேண்ணே" என்றாள். மாப்பிள்ளை எஞ்சின் ஓட்டிப் பார்க்கக் கடலுக்குப் போயிருக்கிறார் என்றாள்.

சில நாள் கழித்து, சென்னையில் இருந்து திரும்பிவிட்ட கேப்டன் போனில் கூப்பிட்டார். குரல் வேறாக இருந்தது.

"வந்து உங்க வேலையப் பாத்துட்டுப் போங்க" என்றார்.

அரிமளத்தில் பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறிப் போனேன். கருகின வாடை படகுக்கு வெளியிலேயே வந்தது. கேபினில் இடது பக்கப் படுக்கை பாதி எரிந்து கிடந்தது. மெத்தை உருகியிருந்தது. பலகை கரியாகி, மேல்தட்டு வரைக்கும் புகை ஏறியிருந்தது. வாளித் தண்ணீர் ஊற்றி அணைத்த அடையாளம் தெரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் முதலில் கேட்டேன்.

எரிந்த பலகையைக் கழற்றினேன். போன் பிளக்குக்குப் போகிற கம்பி மட்டும் நெடுக வெந்திருந்தது. தோல் இல்லை. பக்கத்துக் கம்பிகளின் தோலும் வழிந்து ஒட்டியிருந்தது. ஏணிப்படிக்கு வந்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இருந்தது. டப்பாவைத் திறந்தேன். காலி.

எனக்குப் புரிந்துவிட்டது. சிவப்பு அறுந்திருக்கிறது. டப்பாவில் இருந்ததெல்லாம் போட்டுப் போட்டு அறுந்திருக்கிறது. சாமி வருகிற நேரத்தில் அணைந்துவிடக் கூடாது என்று, ஏதோ வேனில் இருந்தோ எஞ்சினில் இருந்தோ பச்சையை எடுத்துச் செருகியிருக்கிறார்.

கேப்டன் மேலே உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அவர் பக்கத்தில் ஒரு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஏற்கனவே சுருட்டிய கயிறு அது.

"சென்னையில ஒருத்தருக்குப் படம் எடுத்து அனுப்பினேன்" என்றார் கேப்டன். "இந்தக் கம்பிக்கு இந்தப் பச்சை போடவே கூடாதுன்னு சொல்றார். போட்டா இப்படித்தான் ஆகும்னு சொல்றார். சரியா?"

"சரிதான் சார்."

"அப்ப ஏன் போட்டீங்க?"

"நான் போட்டது சிவப்பு."

கேப்டன் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"மச்சான் போட்டதுலேருந்து யாரும் தொடலையே சார்" என்றார் மாப்பிள்ளை. என்னைப் பார்க்கவில்லை. "நான் அந்தப் பொட்டியத் தொறந்தே பாக்கல. ராத்திரி காவலுக்குப் போனப்பப் பொகை வந்துச்சு, தண்ணிய ஊத்தினேன். அம்புட்டுத்தான்."

"டப்பாவுல சிவப்பு வச்சிருந்தேன் மாப்ள."

"டப்பா காலியாத்தானே இருக்கு மச்சான்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி. ஒரு நிமிஷம் நானே யோசித்தேன், வைத்தோமா இல்லையா என்று. வைத்தேன். அவர் பார்க்கத்தான் வைத்தேன்.

"திருவிழாவுக்கு யாராச்சும் ஏறினாங்களா?" என்று கேட்டார் கேப்டன்.

"கரையில நின்னு வெளிய மட்டும் சீரியல் சுத்தினோம் சார். கோயில் ஜெனரேட்டர்லேருந்து லைனு. உள்ள யாரும் போகல."

அப்போதுதான் தங்கச்சி டீ கொண்டு வந்தாள். படகு கரையோரம் பலகை போட்டு நின்றது. பலகையில் வந்து தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு நின்றாள். என்னைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றாள்.

கேப்டன் அவளைப் பார்த்து, "ஏம்மா, நீ சொல்லு. திருவிழா அன்னிக்கு போட்டுக்குள்ள யாரும் போனீங்களா?" என்றார். மிரட்டிக் கேட்கவில்லை. அவள் சொன்னால் நம்பலாம் என்று நினைத்துக் கேட்டார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவள் வந்ததும் எனக்கு மூச்சு சீரானது. சின்ன வயதில் இருந்து பொய் சொல்லத் தெரியாதவள்.

"இல்லைங்கய்யா" என்றாள்.

டீயை டம்ளரில் ஊற்றினாள். எனக்கு ஒரு டம்ளர் நீட்டினாள். வாங்கினேன்.

என் சட்டைப் பையில் போன் இருந்தது. அன்றைக்கு அவள் கூப்பிட்ட நேரம் அதில் இருந்தது. ஆனால் அவள் எங்கே இருந்து பேசினாள் என்று அது சொல்லாது. நான்தான் சொல்ல வேண்டும். சொன்னால் என் பேச்சா, அவள் பேச்சா என்று கேப்டன் தீர்மானிக்க வேண்டும். என் பேச்சை நம்பினால் அன்றைக்கே அவர்கள் பின்கட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அவள் பேச்சை நம்பினால் நான் வேலையைக் கெடுத்துவிட்டுத் தங்கச்சி மேலே பழி போட்டவன் ஆவேன். இதெல்லாம் அப்புறம் யோசித்தது. அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்க்கவில்லை. தெரிந்தே சொல்கிறேன் என்பது மாதிரி இருந்தது.

"என்ன சொல்றீங்க?" என்றார் கேப்டன்.

"ஒண்ணும் இல்ல சார். எரிஞ்சத எடுத்துட்டுப் புதுசு போட்டுத் தாரேன்."

"வேண்டாம். நாகப்பட்டினத்துலேருந்து ஆள் வரச் சொல்லிட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "நல்ல வேலைன்னு நான்தான் எல்லார்கிட்டயும் காட்டினேன்" என்றார். அவர் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

கருவிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தங்கச்சி பின்னால் வரவில்லை. மாப்பிள்ளை வந்தார்.

"பஸ் ஸ்டாண்டுல விடவா மச்சான்?"

"நடந்துக்கிறேன்."

"மனசுல வச்சுக்காதீங்க. ஒங்களுக்குன்னா அரிமளம் இருக்கு, வெளிநாடு இருக்கு. எனக்கு இது ஒண்ணுதான்."

அது நிஜம்தான். ஆனால் வெளிநாட்டை விடச் சொன்னவர் அவர்தான்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ரோட்டோரக் கடையில் உட்கார்ந்தேன். வலை தைக்கிற ஆட்களில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள்.

"இவருதான்டா போட்டப் பத்த வச்ச வயர்மேன்."

"பாத்து உக்காருங்க அண்ணே. பெஞ்சு பத்திக்கிரப் போவுது."

கடைக்காரர் சிரித்தார். பழைய கேலிதான். முன்னே எனக்காகத் திருப்பிக் கொடுக்க ஆள் இருந்தது.

சித்திரை வந்தது. தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகுக்காரர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் போர் மோட்டார் பார்த்தேன், இரண்டு வீட்டுக்கு வயரிங் செய்தேன். மனைவி கேட்டபோது, "அங்க வேற ஆளு வச்சுக்கிட்டாங்க" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் கேட்கவில்லை.

ஒரு நாள் அவளே போனைக் கொண்டுவந்து நீட்டினாள். மாப்பிள்ளை ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். ஒரு விசைப்படகின் கேபின். கம்பிகள் பக்கம் பக்கமாக வந்து, கீழே இறங்கி, வளைந்து, மேலே ஏறின. நுனியில் வெள்ளை வளையம், நம்பர். படத்துக்குக் கீழே 'நம்ம கைவண்ணம்' என்று எழுதி, கும்பிடுகிற கை போட்டிருந்தார்.

"இது ஒங்க வேலை மாதிரில்ல இருக்கு" என்றாள் மனைவி.

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. சில வளைவு கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

வைகாசியில் மாப்பிள்ளையே கூப்பிட்டார். ஒன்றுமே நடக்காத மாதிரி பேசினார்.

"மச்சான், கை பத்தல. ஆறு போட்டு நிக்கிது. தடை முடியறதுக்குள்ள எறக்கணும்னு கத்துறாங்க. நீங்க வந்தா முடிச்சுருவோம்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"ஒங்க பேர யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எங்க சித்தப்பா மகன்னு சொல்லிக்கிறேன். நீங்கபாட்டுக்கு உள்ள படுத்து வேலையப் பாருங்க. வெளிய நான் பேசிக்கிறேன்."

அவர் என்னை அவமானப்படுத்தவில்லை. உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தார். குரலில் அது தெரிந்தது. அதைக் கேட்டபோது, அன்று படகில் கேட்டதைவிட மோசமாக இருந்தது.

"தங்கச்சிகிட்டக் குடுங்க மாப்ள" என்றேன்.

அவள் வந்தாள். "அண்ணே" என்றாள்.

"அன்னிக்கு நீ போட்டுலேருந்துதானே எனக்குப் பேசின?"

பின்னால் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள்.

"ஆமாண்ணே."

"நான் கழட்டச் சொன்னேன்ல."

"சொன்னீங்க. நானும் அவுககிட்டச் சொன்னேன். சாமி போகட்டும்னாக."

"அத கேப்டன்கிட்டச் சொல்லு. இப்பச் சொன்னாப் போதும். நான் அவருகிட்ட வேலை கேக்கப் போறதில்ல. என் கையால எரியலன்னு அவருக்குத் தெரிஞ்சாப் போதும்."

அவள் அழவில்லை. யோசித்துத்தான் சொன்னாள்.

"முடியாதுண்ணே."

"சரித்தா" என்று வைத்துவிட்டேன். அன்றைக்கே யார்டுக்குப் போன் செய்து, இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பழைய வேலை இல்லை. புதிதாக வந்தவனுக்குக் கொடுக்கிற வேலை. சரி என்றேன்.

ஒவ்வொரு தடவை வெளிநாடு கிளம்பும்போதும் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன். இந்தத் தடவை போகவில்லை. கிளம்புகிற அன்று அவளே வந்தாள். மருமகனையும் கூட்டி வரவில்லை, தனியாக வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். வெயிலைப் பற்றிப் பேசினாள். பஸ்ஸில் கூட்டம் என்றாள்.

திறந்து கிடந்த என் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பையில் இருந்து கருவாட்டுப் பொட்டலங்களை எடுத்தாள். நெத்திலி, வாளை. வாடை வராமல் இருக்க நாலு கவரில் சுற்றி, டேப் ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள். என் சட்டைகளை எடுத்து நடுவில் இடம் செய்து, ஒவ்வொன்றாக வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை.

"ஒடம்பப் பாத்துக்கங்கண்ணே."

"ம்."

பஸ் வந்தது. ஏறிப் போனாள்.

உள்ளே வந்து துண்டை எடுத்தேன். பொட்டலங்களை எடுத்து வெளியே வைத்தேன். சட்டைகளைத் திரும்ப அடுக்கிப் பெட்டியை மூடினேன். மனைவி அடுப்படியில் இருந்து பார்த்தாள்.

"எடை கூடுது" என்றேன்.

பெட்டியில் பாதி இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் வந்து பொட்டலங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.